அட்ஜஸ்ட் என்றால் என்ன?

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறியபோதே எதிர் சீட்டில் அவர் இருந்தார். கஞ்சி போட்ட சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. யார் வாயிலாவது ஓர் ஆங்கிலச் சொல் வந்துவிட்டால், அது பிறந்த கதையைச் சொல்லாமல் விடமாட்டார். நான் ‘டிக்கெட்’ என்று சொல்லி மாட்டிக்கொண்டிருந்தேன்.

குரோம்பேட்டையில் ஏறிய ஓர் அம்மாள் அவரிடம், “சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணு சார். முட்டி வலி, நிக்க முடியல” என்றார்.

அவர் அசையவில்லை. கண்ணாடியை மட்டும் மேலே தள்ளினார். “அட்ஜஸ்ட்னா சரிப்படுத்தறதுன்னு நினைக்கறோம். அது லத்தீன்லேர்ந்து வந்ததும்மா. பக்கத்துல கொண்டுபோய் சேர்க்கறதுன்னுதான் ஆதி அர்த்தம்.”

“அத்தத்தான் சார் நானும் சொல்லிகினு கீறேன். பக்கத்துல சேந்து குந்து!”

சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவரோ, “ரொம்ப கரெக்ட்” என்று முகம் மலர்ந்து, ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார். அந்த அம்மாள் பெருமூச்சு விட்டபடி உட்கார்ந்தார்.

கிண்டியில் நான் இறங்கும்போது, ‘மேனேஜ்’ என்ற சொல் குதிரையைப் பழக்குவதிலிருந்து வந்த கதை ஓடிக்கொண்டிருந்தது. அம்மாள் முட்டியைத் தடவிக்கொண்டே, “அப்பால சார்?” என்றார். அவ்வளவு நேரம் நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.