நிரூபி அக்காவும் நாத்தனாரின் கைப்பட்டையும்

"இது தெளிவா இருக்கா... இல்ல, இது தெளிவா இருக்கா?"

இருட்டறையில், கனத்த சோதனைக் கண்ணாடியை மூக்கில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் யோசிக்கிறார். அக்கா லென்ஸை எடுக்கிறார், 'டக்'கென்று சத்தம் வர மறுபடி செருகுகிறார். "ரெண்டாவது கொஞ்சம் பரவால்ல" என்கிறார் வந்தவர். "சரி" என்கிறார் அக்கா. செருகியது அதே லென்ஸ்தான்.

கண் பரிசோதனைக்கு வருகிற எல்லோரிடமும் ஒரு தடவையாவது இதைச் செய்துவிடுவார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. எதிரில் இருப்பவர் கண்ணால் பதில் சொல்கிறாரா, ஆசையால் பதில் சொல்கிறாரா என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு பவர் பார்க்க முடியும் என்பார். "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு" என்று சொல்லும் ஆட்கள் குறைவு. அப்படி யாராவது அகப்பட்டால் அக்காவுக்கு அன்று முழுக்க நல்ல மனநிலை. அந்த ஆளைத் தன் கண்ணாடிக் கடை வாசல்வரை வந்து வழியனுப்புவார்.

இத்தனை வருஷம் இருட்டறையில் ஆட்களின் பதிலைக் கேட்டுக் கேட்டு, வெளிச்சத்திலும் அவர் யாரையும் லேசில் நம்புவதில்லை. "நேத்து நல்லாத் தூங்கினேன்" என்று வீட்டுக்காரர் சொன்னால், "எப்படித் தெரியும்? தூங்கிட்டுதானே இருந்தீங்க?" என்பார். மனிதர் அத்தோடு தூக்கத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். யார் எதைச் சொன்னாலும் அக்கா தலையைச் சற்றே சாய்த்து, "சரி, நிரூபி" என்பார். அந்தச் சொல்லே பெயராகிவிட்டது. ஷட்டில் ஆடும் இடத்தில் அவருக்கு நிரூபி அக்கா என்றுதான் பெயர். பெரியவர்கள்கூட அக்கா என்றே கூப்பிடுகிறார்கள்.

அந்த இடம் முன்பு சரக்குக் கிடங்காக இருந்தது. தகரக் கூரை, பச்சை விரிப்பு, ஒரு ஓரத்தில் காலொடிந்த பெஞ்சு. மாலையில் கடையைப் பூட்டியதும் அக்கா நேரே அங்கே வந்துவிடுவார். மூக்குக்கண்ணாடி நழுவாமலிருக்கப் பின்தலையில் ஒரு எலாஸ்டிக் கயிறு. மட்டைப்பிடியில் அவரே சுற்றிய துணி. பந்தை அடிக்கும் முன் அதன் இறகுகளை ஒருமுறை தடவிக்கொடுப்பார். "இது எதுக்கு அக்கா, நிரூபிங்க பார்ப்போம்" என்று யாராவது மடக்கினால், "எனக்குப் பிடிச்சிருக்கு, செய்யறேன். இதனால ஜெயிப்பேன்னு நான் சொன்னேனா?" என்பார்.

அக்காவின் பொறுமையைச் சோதிக்கவென்றே அந்தக் கிடங்குக்குள் ஒவ்வொரு சாமானாக வந்துகொண்டிருந்தது. மெடிக்கல் ஷாப்காரர் ஒரு கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு வந்தார். காலையில் எழுந்ததும் உடம்பு இன்று விளையாட்டுக்குத் தயாரா என்று அது மார்க் போடுமாம். மார்க் குறைந்தால் மனிதர் மட்டையைத் தொடமாட்டார், பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். அக்கா அந்தக் கடிகாரத்தை இரவல் வாங்கிப் போய் மறுநாள் திருப்பிக் கொடுத்தார். "வாஷ்பேசின் முன்னால நின்னு பல்லுதான் தேய்ச்சேன். நல்ல நடைன்னு பாராட்டுது. நீங்க இதுகிட்ட கேட்டுட்டா விளையாட வர்றீங்க?"

டிரைவிங் ஸ்கூல்காரர் ரத்தத்தை மேலே தள்ளும் காலுறை வாங்கினார். கழுத்தில் ஒட்டிக்கொண்டால் மூச்சு வாங்காது என்று ஒரு வில்லை வந்தது. அது வியர்வையில் நனைந்து, சர்வீஸ் போடும்போதே உதிர்ந்து விழுந்தது. அந்தக் காலுறையில் ஒரு ஜோடி அக்காவிடமும் இருக்கிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மழை நாட்களில் போட்டுக்கொள்வார். கேட்டால், "கதகதன்னு இருக்கு. காலுறைன்னா அதானே வேலை" என்று பேச்சை முடித்துவிடுவார்.

இதெல்லாம் ஊரார் சாமான். வம்பு வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

அக்காவின் ஜோடி ஆட்டக்காரி அவருடைய நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை. பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேஜையில் வேலை. அக்கா நெட்டுக்குப் பக்கத்தில் நிற்பார், நாத்தனார் பின்பாதியைப் பார்த்துக்கொள்வாள். போன வருஷம் பின்பக்க இடது மூலைக்குப் போன ஒரு பந்தை எடுக்கப் பாய்ந்தவள், கணுக்கால் பிசகி விழுந்தாள். பல மாதம் கட்டுப் போட்டிருந்து, ஒருவழியாகத் திரும்பி வந்து பழையபடி ஆட ஆரம்பித்தாள். ஆனால் பந்து அந்த மூலைக்குப் போனால் மட்டும் அவள் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும்.

ஒருநாள் அவள் மணிக்கட்டில் ஒரு கறுப்பு ரப்பர் பட்டையோடு வந்தாள். நடுவில் வெள்ளிப்பொட்டு மாதிரி ஏதோ மின்னியது. உடம்பின் சமநிலையைச் சரிசெய்யும் என்று விற்கிற பட்டை. "அண்ணி, ஒத்தக் கால்ல நில்லுங்க" என்று அக்காவை நிறுத்தி, நீட்டிய கையை அழுத்தினாள். அக்கா தடுமாறினார். பட்டையை மாட்டிவிட்டு மறுபடி அழுத்தினாள். அக்கா அசையவில்லை.

"பாத்தீங்களா?"

"முதல்ல வெளிப்பக்கமா அழுத்தினே. அடுத்தது உள்பக்கமா அழுத்தினே."

"போங்க அண்ணி. உங்களுக்கு எதுலயும் குத்தம்தான்."

அன்று அவள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து மெடிக்கல் ஷாப்காரர் பட்டை விற்கும் கடையின் முகவரியை வாங்கிக்கொண்டார். அக்காவுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

கடையில் நீச்சல் கண்ணாடிகளும் விற்பதுண்டு. அதிலிருந்து ஒரு ரப்பர் பட்டையை வெட்டி, நடுவில் பளபளப்பான சட்டைப் பொத்தான் ஒன்றை ஒட்டினார். லென்ஸ் வெட்டும் கை, வேலை சுத்தமாக இருந்தது. அடுத்த மாலை நாத்தனார் முகம் கழுவப் போனபோது பெஞ்சிலிருந்த பட்டையை எடுத்துக்கொண்டு இதை வைத்தார். நாத்தனார் வந்தாள், மாட்டினாள், ஆடினாள். எதிர்ப்பக்கத்துக்காரர் இடது மூலைக்குத் தூக்கிப் போட்ட பந்தை, விழுந்ததற்குப் பிறகு முதல்முறையாக, ஓடிப்போய் எடுத்தாள். அக்கா திரும்பி நின்று அதைப் பார்த்தார். பார்த்த சந்தோஷத்தில் வாயைக் கட்டத் தெரியவில்லை.

தண்ணீர் குடிக்க எல்லோரும் கூடியபோது ஒரிஜினல் பட்டையைப் பையிலிருந்து எடுத்து ஆட்டிக்காட்டினார். "நீ போட்டிருக்கிறது என் கடை நீச்சல் கண்ணாடியோட வாரு. பொத்தான் உங்க அண்ணன் சட்டையோடது."

கிடங்கே சிரித்தது. நாத்தனாரும் சிரித்தாள். பட்டையைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தாள். அடுத்த ஆட்டத்தில் நட்டுவைத்த கம்பம்போல நின்றாள். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் கூட்டம் என்று அண்ணனுக்குச் செய்தி அனுப்பினாள். ஷட்டில் கிளப் போட்டிக்கு இருவரும் ஜோடியாகப் பெயர் கொடுத்திருந்தார்கள், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"நான் நிரூபிச்சது சரிதானே?" என்று அக்கா வீட்டுக்காரரைக் கேட்டார்.

"சரிதான். ஆனா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இப்ப நான் நெட்டு மாதிரி தொங்கிட்டிருக்கேன். என் சட்டையில பொத்தானும் இல்ல."

இரண்டொரு நாள் அக்கா தனக்குள்ளேயே வாதாடிப் பார்த்தார். எப்படிப் புரட்டினாலும் பட்டை போலிதான். ஆனால் அந்த மூலைக்கு அவள் ஓடியது போலி இல்லையே. வேலைக்கு நடுவே இது உறைத்தபோது அக்கா கையில் லென்ஸோடு அப்படியே நின்றுவிட்டார். "என்ன டாக்டர், பவர் ஏறிடுச்சா?" என்று நாற்காலியில் இருந்தவர் பயந்துபோனார்.

அன்று கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டுப் பல் ஆஸ்பத்திரிக்குப் போனார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே ஒரு இடம் பார்த்து உட்கார்ந்தார். நாத்தனார் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "என்ன அண்ணி, பல்லா?" என்றாள்.

"வாய்தான்" என்றார் அக்கா. "வாய்ல கொஞ்சம் கோளாறு."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்தது. வரக்கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். கூட்டம் குறைந்ததும் மேஜையைவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பட்டையில ஒண்ணுமில்லன்னு எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க?"

"பின்ன ஏன் போட்டே?"

"கால் பயப்படுது அண்ணி. ஒண்ணும் ஆகாது, போன்னு நான் சொன்னா கேக்க மாட்டேங்குது. பட்டை சொன்னாக் கேட்டுச்சு. அதையும் நீங்க கெடுத்துட்டீங்க."

"பயமா இருக்குன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா, நிரூபின்னு சொல்லியிருப்பீங்க."

அக்கா எதிர்ச் சுவரில் தொங்கிய பல்வரிசைப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்கு உன் கையில இருந்தது என் கடை வாரு. அப்படின்னா அந்த மூலைக்கு ஓடினது யாரு? உன் கால்தானே. நான் அதைத்தான் எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கணும். பொத்தானைப் பத்திப் பேசிட்டேன்."

நாத்தனார் மணிக்கட்டில் பட்டை இருந்த இடத்தைத் தடவிக்கொண்டாள். "இன்னொண்ணும் இருக்கு" என்றாள். "பந்து அந்த மூலைக்குப் போனா முன்னாலேருந்து நீங்களே ஓடி வந்து எடுத்துடறீங்க. விழுந்துட்டு வந்ததிலேருந்து பார்க்கிறேன். நீங்க ஓடி வர்றப்பல்லாம், இவளால முடியாதுன்னு நீங்க சொல்ற மாதிரி இருக்கு."

"உனக்கு ஒத்தாசைன்னு நினைச்சேன்."

"தெரியும். அதான் சொல்லாம இருந்தேன்."

மறுநாள் நாத்தனார் பட்டையில்லாத வெறும் மணிக்கட்டோடு ஆட வந்தாள். அசல் பட்டை மெடிக்கல் ஷாப்காரர் மணிக்கட்டில் குடியேறியது. கடிகாரமும் பட்டையும் ஒரே கையில் இடிப்பதாக இப்போது புகார் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கிளப் போட்டியில் இருவரும் கோப்பையெல்லாம் வாங்கிவிடவில்லை. முதல் சுற்றில் ஜெயித்தார்கள், அடுத்த சுற்றில் இரண்டு கல்லூரிப் பெண்கள் மூச்சுக்கூட வாங்காமல் இவர்களை அனுப்பிவைத்தார்கள். பார்த்தவர்கள் இன்றும் பேசுவது அந்த முதல் சுற்றைத்தான்.

கடைசிப் புள்ளிக்கு வந்து இரண்டு பக்கமும் இழுபறி. எதிர்ப்பக்கத்துப் பெண்மணிக்கு விவரம் தெரியும். பந்தை உயரத் தூக்கிப் பின்பக்க இடது மூலைக்கு அனுப்பினாள். "அக்கா, இடது! இடது!" என்று பெஞ்சில் ஏறி நின்று கத்தினார் டிரைவிங் ஸ்கூல்காரர். பழக்கத்தில் அக்காவின் கால் ஒரு எட்டு பின்னால் போனது. அது நாத்தனாரின் பந்து என்று போன காலை இழுத்துக்கொண்டார். நெட்டை ஒட்டி வலப்பக்கம் நகர்ந்து, மட்டையை உயர்த்திப் பிடித்தபடி எதிராளியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பவேயில்லை.