பழைய ரொறன்ரோவும் எனக்கில்லாத மகளும்

ஊர் சுற்றிக் காட்டும் தொழிலில் கால் வலிக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். வலிப்பது வாய்தான் என்று ஒருவரும் சொல்வதில்லை. கோடை தொடங்கி இலை உதிரும் வரை, மஞ்சள் குடையொன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பழைய ரொறன்ரோவின் தெருக்களில் தமிழ் ஆட்களைக் கூட்டித் திரிகிறேன். காலை பத்து மணிக்குத் தேவாலய வாசலில் தொடங்கி, சந்தையில் சாப்பிட்டு, மூன்று மணிக்குக் கல் பதித்த தெருவில் கோப்பியோடு முடிப்போம். சிரித்த முகத்தைக் காட்டிச் சம்பளம் வாங்கும் எல்லோருக்கும் என் பாடு விளங்கும்.

எந்த ஊர்?

பழைய கட்டடமொன்றைக் காட்டி நான் வாய் திறக்க முதலே "தம்பி எந்த ஊர்?" என்று கேள்வி வந்துவிடும். அதற்குப் பதில் சொன்னால் அடுத்தது, "வீட்டில ஆர் ஆர்?" எனக்கு வயது ஐம்பத்தொன்று. தங்கச்சிமார் மூவரையும் கரைசேர்த்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது கலியாண வயது என்னைத் தாண்டிப் போயிருந்தது. ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்றில் தனியே இருக்கிறேன். இந்த உண்மையைச் சொன்ன ஒரு நாள், பிறம்ரனில் இருந்து வந்த ஒருவர் தேவாலயத்தில் இருந்து சந்தை வரை "ஏன் கட்டேல்லை?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒரு கட்டடத்தையும் அவர் பார்க்கவில்லை.

அதனால், போன வருடம் ஒஷாவாவில் இருந்து வந்த ஒரு அன்ரி அதே கேள்வியைக் கேட்டபோது, யோசிக்காமல் "மனிசியும் ஒரு மகளும், அன்ரி. மகளுக்கு எட்டு வயசு" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அதுவே என் பதிலாகிவிட்டது. அன்ரி திருப்தியாகத் தலையாட்டினார்.

"நல்லது. இனிக் கோயிலைக் காட்டும்."

வெள்ளிக்கிழமை

ரூஜில் இருந்து ஒரே குடும்பத்தில் பத்துப் பேர் வந்தார்கள். சந்தையில் பெயர்போனது பன்றி இறைச்சி வைத்த பணிஸ். பத்துப் பணிசுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். கடை வாசலுக்குப் போனதும் பத்துப் பேரும் ஒரே குரலில் "இண்டைக்கு வெள்ளியெல்லோ!" என்றார்கள். நானும் தமிழன்தான், ஆனால் மறந்துபோனேன். வெள்ளிக்கிழமையை ஞாபகப்படுத்த வீட்டில் ஒரு ஆள் வேண்டும்.

அவர்கள் சீஸும் ஊறுகாய் போட்ட வெள்ளரிக்காயும் சாப்பிட்டார்கள். சூடான பணிஸ் தட்டை ஏந்திக்கொண்டு நான் நின்றேன். கூட்டத்தில் மூத்தவர் என்னைப் பார்த்து இரங்கினார்.

"நாங்கள் அங்கால திரும்பி நிக்கிறம், தம்பி. நீர் சாப்பிடும். உம்மட வீட்டுக்காரர் ஒருத்தரும் பாக்கேல்லைத்தானே."

ஏரி

முன்பு ஏரிக்கரை இந்தத் தெரு வரை இருந்தது, பிறகு மண் போட்டு நிரப்பினார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். வேலிச் சண்டையில் பாதி ஆயுளைக் கழித்தவர் என்று பார்த்தாலே தெரிந்த ஒரு அண்ணை பெருமூச்சு விட்டார்.

"எல்லையை அரக்கினவங்கள் எண்டு சொல்லும். அப்ப எங்கட ஆக்கள்தான்."

கொஞ்சம் தள்ளி

முக்கோணமாய் நிற்கும் செங்கல் கட்டடத்தின் முன் தமிழ்நாட்டில் இருந்து வந்த ஒரு கணவன் மனைவி. இரண்டு பேரும் கணினி வேலை. இருவரையும் நின்றபடி, நடந்தபடி, ஒருவரை ஒருவர் பார்த்தபடி என்று விதம் விதமாய்ப் படம் எடுத்துக் கொடுத்தேன். பிறகு மனைவி கோயம்புத்தூரில் இருக்கும் தன் அம்மாவை வீடியோவில் அழைத்தாள். அம்மா கை அசைத்தார். என்னைப் பார்த்துத்தான் அசைக்கிறார் என்று நினைத்து நானும் அசைத்தேன். எனக்கு அது பிடித்திருந்தது, பொய் சொல்லவில்லை. அந்தப் பெண் மிகவும் பணிவாகத்தான் சொன்னாள்.

"அண்ணா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? பில்டிங் மறைக்குது."

மகளின் பங்கு

பொய் சொன்னால் அதற்குச் சாப்பாடும் வந்து சேரும் என்று எனக்குத் தெரியாது. கடைசியாக எல்லோருக்கும் பட்டர் டார்ட் வாங்கிக் கொடுப்பேன். உள்ளங்கை அளவு, உள்ளே வெண்ணெயும் சீனியும் உருகியிருக்கும். ஒன்று மிஞ்சினால் யாராவது என் மகளுக்கென்று கடதாசியில் சுற்றி என் பையில் வைத்துவிடுவார்கள். அதை பஸ்சிலே சாப்பிடுவதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய், தட்டில் வைத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவேன். அந்தப் பிள்ளை எனக்குப் பழகிவிட்டது. ஒருநாள் வேண்டாம் என்று மறுத்தபோது ஒரு அம்மா என்னை அதட்டினார்.

"உமக்கில்லை, பிள்ளைக்கு! அப்பா கையை வீசிக்கொண்டு வந்தால் அது வாசலைப் பாத்து ஏமாந்து போமெல்லே."

மஃப்ளர்

இந்த வருடம் ஒக்டோபரில் ஒஷாவா அன்ரி மறுபடி வந்தார். லண்டனில் இருந்து வந்த தங்கச்சிக்கு ஊர் காட்டவாம். தேவாலய வாசலிலேயே ஒரு பையை நீட்டினார். உள்ளே றோஸ் நிறத்தில் கம்பளி மஃப்ளர், அவரே பின்னியது. "மகளுக்குக் குடும். இப்ப ஒம்பது வயசெல்லே" என்றார்.

கையில் வாங்கியதும் நன்றி சொல்லிவிட்டு நடந்திருக்கலாம். ஒரு வருடமாய் வராத வெட்கம் அப்போது வந்தது. அந்த மஃப்ளர் என் அறைக் கொக்கியில் ஒருவருக்கும் இல்லாமல் தொங்கப்போவதை நினைத்துப் பார்த்தேன். "அன்ரி, எனக்கு மகள் இல்லை. மனிசியும் இல்லை. சும்மா சொன்னனான்" என்றேன். தங்கச்சிக்காரி குடையைப் பார்த்தார். இனி இந்த மனிசி என்னிடம் ஒன்றுமே கேட்கமாட்டார் என்று பயந்தேன். "வீட்டில ஆர் ஆர்?" என்ற அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நாளும் குடை பிடித்தேன் என்பது அப்போதுதான் விளங்கியது.

அன்ரி மஃப்ளரை என் கையில் இருந்து எடுத்தார். திருப்பிக் கொண்டுபோகப் போகிறார் என்று நினைத்தேன்.

"பிள்ளை இல்லாட்டி என்ன, உமக்குக் கழுத்து இருக்குத்தானே? குனியும்."

இப்போது "வீட்டில ஆர் ஆர்?" என்று கேட்பவர்களுக்கு றோஸ் மஃப்ளரைச் சரிசெய்தபடி உண்மையையே சொல்கிறேன், கட்டடங்களைக் காட்டத்தான் நேரம் கிடைப்பதில்லை.