தேயாத புஷ்

எங்கள் பூஜை அறையில் முருகன் படத்துக்கு முன்னால், ஊதுபத்தி செருக, கன்மெட்டல் என்கிற வெண்கல வகையில் ஓர் உருளை இருக்கிறது. உள்ளே அரிசியைப் போட்டு அதில் பத்தியைக் குத்தி வைப்போம். வருகிறவர்கள் ஏதோ கோயில் வாசலில் வாங்கியது என்று நினைத்துக்கொள்வார்கள். அது கார் புஷ். என் மனைவியின் அண்ணன், என் மச்சான், லேத்தில் கடைந்தது. காலையில் சாமி கும்பிடப் போனால் அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வருவது பக்தி இல்லை, எரிச்சல்தான். முருகன் மன்னிக்கட்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் துடியலூரில் சின்னதாக ஒரு மாவு மில் நடத்திக்கொண்டிருந்தேன். மாமனார் ஓட்டிச் சலித்துக் கொடுத்த பழைய அம்பாசடர் ஒன்று வாசலில் நிற்கும். பின்சக்கரங்களுக்கு மேலே வண்டியின் பாரத்தைத் தாங்கும் இரும்புப் பட்டைகள் உண்டு. அந்தப் பட்டை வண்டியோடு சேருகிற இடத்தில் ஒரு ரப்பர் புஷ் இருக்கும். குலுங்கலைப் பாதி அதுவே வாங்கிக்கொள்ளும். எங்கள் வண்டியில் இரண்டு பக்கமும் அது தேய்ந்துபோய், குழியில் இறங்கினால் ‘கட்டக்’ என்று சத்தம் வரும், பின்பக்கம் தனியாக ஆடும். அப்படியே பழகியிருந்தோம். அப்போதுதான் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து, விஜயதசமி காலையில் வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றார் டாக்டர். “கார்லயே போலாம். ஆனா குலுங்கக்கூடாது” என்று அழுத்திச் சொன்னார்.

அன்றே காந்திபுரம் போய்ப் புது ரப்பர் புஷ் இரண்டு வாங்கி வந்தேன். மச்சான் அதைக் கையில் வாங்கி, சந்தையில் கத்தரிக்காயை அழுத்திப் பார்ப்பதுபோல அழுத்தினார்.

“ஏனுங்க மாப்ள, இது என்ன கொழந்தை வாயில வெக்கற சூப்பானுங்களா? ரெண்டு வருசத்துல தேஞ்சு போயிருமுங்க. நான் கன்மெட்டல்ல கடைஞ்சு தாரேன். உங்க பேரன் காலத்துக்கும் தேயாது.”

“தேஞ்சா தேஞ்சுட்டுப் போகுதுங்க மச்சான். அம்மா குலுங்காம வந்தாப் போதுமுங்க.”

“தேயாத சாமான் எப்படீங்க குலுங்கும்?”

எங்கள் ஊரில் லேத் பிடித்த கைக்கு ஒரு வியாதி உண்டு. கடையில் விற்கிற எதைப் பார்த்தாலும், இதை நானே கடைந்துவிடுவேனே என்று தோன்றும். மச்சான் மோட்டார் பம்பு பட்டறையில் வேலை செய்தவர், அவருக்கு அந்த வியாதி முற்றியிருந்தது. போதாததற்கு வண்டி அவர்கள் வீட்டு வண்டி, நான் அவர்கள் வீட்டு மாப்பிள்ளை. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். ஆயுத பூஜைக்கு முதல் நாள் எங்கள் வாசலிலேயே ஜாக்கி வைத்துத் தூக்கி, பழைய ரப்பரைப் பிய்த்து எடுத்து, இரண்டு பக்கமும் தன் கன்மெட்டலைச் சம்மட்டியால் அடித்து இறக்கினார். ஒவ்வோர் அடிக்கும் என் பல் கூசியது.

மறுநாள் காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு சுற்றுப் போனோம். ஆட்டம் நின்றிருந்தது, உண்மைதான். ஆனால் ரோட்டில் கிடந்த ஒவ்வொரு கல்லும் நேராக என் முதுகுத்தண்டில் ஏறியது. பழைய புஷ்ஷே தேவலை.

“கொஞ்சம் இறுக்கமா இருக்குதுங்க. போகப் போக சரியாயிருமுங்க மாப்ள.”

“எதுங்க மச்சான் சரியாகும்? அதுதான் பேரன் காலத்துக்கும் தேயாதுன்னீங்களே!”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால் ஸ்பேனர், சம்மட்டி, ஜாக்கி எல்லாம் பூஜையில் இருந்தன. என் மனைவி ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்து, பூப்போட்டு வரிசையாக அடுக்கியிருந்தாள். மறுபூஜை ஆகும்வரை தொடக்கூடாது. விடிந்தால் அம்மாவைக் கூட்டிவர வேண்டும், அதற்குள் ரப்பரை மாட்டியாக வேண்டும். நான் பூஜை அறை வாசலில் நின்றேன், கை போகவில்லை. யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. சாமிமேலும் கொஞ்சம் வந்தது.

“ஏனுங்க, அத்தைக்கு வலிக்குமேன்னு எடுக்கறீங்க. சாமி அதுக்கெல்லாமா கோவிச்சுக்கும்? எடுங்க” என்று அவளே ஸ்பேனரை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

“பூசையில வெச்ச சாமானத் தொடறீங்க, நல்லதுக்கில்லீங்க” என்று சொல்லிவிட்டு மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சந்தனம் விரலில் ஒட்ட ஒட்ட நான் காருக்கு அடியில் கிடந்தேன். அவர் அடித்து இறக்கியது அவ்வளவு எளிதில் வெளியே வருமா? இடது பக்கத்துப் புஷ் ஒருவழியாக வந்தது. சோப்புத் தண்ணீர் தடவி அந்த இடத்தில் ரப்பரைப் போட்டேன். வலது பக்கம் அசையவே இல்லை. அடித்தேன், திட்டினேன், முருகனைக் கூப்பிட்டேன். விளக்கு வைக்கிற நேரம்வரை பார்த்துவிட்டு, போல்ட்டை மாட்டி எழுந்துவிட்டேன்.

காலையில் அம்மாவை ரப்பர் இருந்த பக்கமாக, பின்சீட்டில் தலையணைகளுக்கு நடுவே உட்கார வைத்தோம். மாட்டுவண்டி வேகத்தில்தான் ஓட்டினேன். கவுண்டம்பாளையம் தாண்டியதும் குழிகள். கண்ணாடியில் பார்த்தேன். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

வாசலில் மச்சான் நின்றிருந்தார். கோபம் ஆறாமல் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அம்மா இறங்கும்போது மச்சான் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “தம்பி செஞ்ச வேலையாச்சே. தொட்டில்ல வந்தாப்புல இருந்துச்சு கண்ணு.”

மச்சான் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்கு அந்த இடத்திலேயே ஸ்பேனரை வீசி எறியலாம் போலிருந்தது. அம்மாவின் தலைப்பு நுனி ஈரமாக நைந்திருந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

பின்னால் அந்தக் காரை விற்றோம். வலது பக்கத்துப் புஷ் அதோடு போயிற்று. நான் கழற்றிய இன்னொன்றை மனைவி அந்த ஆயுத பூஜை இரவே கழுவித் துடைத்து, சாமி கோவித்துக்கொள்ளக்கூடாதென்று படத்துக்கு முன்னால் வைத்தாள். அங்கேயே தங்கிவிட்டது. அம்மா போய் வெகுகாலம் ஆகிறது. மச்சான் வயதாகியும் ஆயுத பூஜை தவறாமல் வருகிறார். வந்ததும் புஷ்ஷைக் கையில் எடுத்து உருட்டிப் பார்ப்பார்.

“பாத்தீங்களா மாப்ள, துளி தேஞ்சிருக்குதா? உங்கம்மாளே சொன்னாங்களே, தொட்டில்ல வந்தாப்புல இருந்துச்சுன்னு.”

காரில் ஒரே நாள் இருந்த புஷ் எப்படித் தேயும் என்று ஒவ்வொரு வருடமும் நாக்கு நுனிவரை வருகிறது. ஆனால் அம்மா வலியைக் கடித்துக்கொண்டு சொன்ன வார்த்தையை நான் எப்படிப் பொய்யாக்குவது?

“ஆமாங்க மச்சான்” என்கிறேன். அவர் அதைத் திரும்ப வைத்ததும் அரிசியைப் போட்டு ஊதுபத்தியைச் செருகுகிறேன். கொஞ்சம் அழுத்தித்தான் செருகுகிறேன். பாதி நாள் பத்தி ஒடிந்துவிடுகிறது.