வால்வண்டி

ஓரெஸ்ட் ஹ்ரின்சுக் கடந்த சில கோடைகளை மற்றவர்களின் பின்பக்கத்தைப் பார்த்தபடியே கழித்துவந்தார். அதுதான் அவருடைய வேலை. தெற்கே வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும் ஓய்வுபெற்றவர்கள் ஜூன் பிறந்ததும் வீட்டுவண்டிகளைக் கிளப்பிக்கொண்டு, கனடாவின் யூகான் வழியாக அலாஸ்காவுக்குக் கூட்டமாக வருவார்கள். கட்டில், அடுப்பு, கழிப்பறை, டிவி எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கும். வீட்டைவிட்டு வெளியே வந்து உலகத்தைப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் வீட்டையும் கையோடு கொண்டுவந்திருப்பார்கள். வரிசையின் தலையில் வழிகாட்டி லைல் போவான். வாலில் ஓரெஸ்டும் அவர் மனைவி வெர்னாவும். நடுவில் எந்த வண்டி படுத்துக்கொண்டாலும் வால்வண்டி நின்று, ஓரெஸ்ட் அதன் அடியில் புகுந்து, எழுப்பி அனுப்பிவைக்க வேண்டும்.

"கரடி நிக்குது, மூஸ் மான் நிக்குதுன்னு முன்னாடி போறவங்க ரேடியோவுல கத்துவாங்க," என்பார். "நான் போறப்ப அது நின்ன இடம்தான் நிக்கும்."

அதற்கு முன் அவருக்கு சஸ்காட்சவான் மாகாணத்தில் கோதுமை நிலம் இருந்தது. பிள்ளைகள் இல்லை. அறுவடை இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே அதற்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லக்கூடியவர். நிலத்தையும் வீட்டையும் விற்று இந்த வண்டியை வாங்கினார்கள். வீடு எங்கும் போகவில்லை, நகர ஆரம்பித்திருக்கிறது, அவ்வளவுதான் என்பது ஓரெஸ்டின் எண்ணம். வீடு போய்விட்டது என்பது வெர்னாவின் எண்ணம். குளிர்காலத்தில் வண்டி அவள் தங்கை ஐரிஸின் காரேஜ் முன்னால் நிற்கும். ஐரிஸ் கரண்டுக்கு ஒரு ஒயரை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டு, அந்த ஒயரைப் பற்றிப் பனி உருகும்வரை பேசிக்கொண்டிருப்பாள். அதனால் வடக்கே போகிற வேலை ஓரெஸ்டுக்கு வேலை மட்டும் அல்ல. வருஷத்தில் நாலு மாதம் அவர் யாருடைய ஒயரிலும் தொங்காத மனிதர்.

இரவுத் தங்கலுக்கு வண்டிகள் ஒதுங்கியதும் அவர் தூண்டில் கழியை எடுத்துக்கொண்டு பக்கத்து ஓடைக்கு இறங்கிவிடுவார். அங்கே சூரியன் மறைய மனமில்லாமல் மலைமேலேயே உட்கார்ந்திருக்கும். முதுகில் பாய்போல் துடுப்பு விரித்த கிரேலிங் மீன்கள் மேலே வந்து பூச்சி பிடிக்கும். பூச்சி மாதிரியே இறகு சுற்றிய குட்டிக் கொக்கியை நூல் நுனியில் முடிந்து, நீர்மேல் ஊதிவிட்டதுபோல் வீசுவார்.

வெர்னா கண்டுபிடித்தது அந்த முடிச்சில்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் கொக்கியையும் நூலையும் அவளிடம் நீட்டினார்.

"கண்ணாடியை வண்டியில வச்சுட்டேன். நீ கட்டு."

கண்ணாடி அவர் சட்டைப்பையில் இருந்தது. வெர்னா கட்டிக் கொடுத்தாள். மறுநாளும் நீட்டினார். அதற்குப் பிறகு காரணம் சொல்வதும் நின்றுபோனது.

அவள் கவனிக்க ஆரம்பித்தாள். தட்டைப் பார்க்க வேண்டுமென்றால் தட்டுக்குப் பக்கத்தில் பார்த்தார். அவளோடு பேசும்போது அவள் காதுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் பேசினார். ஓரங்கள் தெரிந்தன. நடுவில் இருப்பதுதான் தெரியவில்லை. படத்தின் நடுவில் யாரோ கட்டைவிரலை அழுத்தி வைத்ததுபோல. கண் டாக்டரிடம் போய்வந்த அன்று, "வயசாகுதாம். அதையும் காசு வாங்கிட்டுத்தான் சொல்றாங்க," என்று முடித்துவிட்டார்.

அவளும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த கோடையில் வண்டி கிளம்பியபோது பேச ஆரம்பித்தாள்.

வெர்னாவைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். ஊரில் அவள் போனை எடுத்தால் மூச்சுச் சத்தத்தை வைத்துத்தான் அவள் என்று தெரிந்துகொள்வார்கள். அப்படிப்பட்டவள் அறுபத்தெட்டு வயதில் வாயாடி ஆனாள்.

"வலது பக்கம் ஆரஞ்சுக் கொடி."

"பாத்துட்டேன்."

"மேடு வருது, மெதுவா."

"தெரியுது வெர்னா."

"எதிர்ல லாரி. நம்ம பக்கமா ஒதுங்கு."

"நான் என்ன குருடனா?"

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவள் பதில் சொன்னதில்லை.

வண்டிகள் பேசிக்கொள்ளும் ரேடியோவின் பொத்தான் சில நேரம் அழுந்தியபடி மாட்டிக்கொள்ளும். வெர்னாவின் பாராயணம் வரிசை முழுக்கக் கேட்கும். எல்லோருக்கும் ஓரெஸ்ட்மேல் இரக்கம். அரிசோனாவிலிருந்து வந்த பல் டாக்டர் வெண்டலுக்கு அது தினசரிப் பொழுதுபோக்கு.

"ஓரெஸ்ட், உங்க வண்டிக்கு டீசலே வேண்டாம்போல. அம்மா வாயிலேயே ஓடுதே."

"வண்டி நின்னாலும் வாய் நிக்காது வெண்டல்," என்பார் ஓரெஸ்ட். கூட்டம் சிரிக்கும். வெர்னாவும் சிரிப்பாள். பிடாரி என்ற பெயர் வலுக்க வலுக்கக் குருடர் என்ற பெயர் தள்ளிப்போகும் என்று அவள் நம்பினாள். பயந்துகொண்டேதான் நம்பினாள். மேட்டையும் கொடியையும் சொல்லிவிடலாம். சாலையில் ஒரு ஆள் குறுக்கே வந்தால் சொல்லி முடிக்க நேரம் இருக்குமா என்பது அவளுக்குத் தெரியவில்லை. அதை நினைத்தே தினமும் ஏறினாள்.

குளுவானி ஏரியைத் தாண்டி அலாஸ்கா எல்லைவரை சாலை மோசம். அடியில் காலங்காலமாக உறைந்த மண் ஆங்காங்கே இளகி, மேலே தார் அலை அலையாக எழும்பி விழும். கோடை முழுக்க எங்காவது தோண்டிக்கொண்டிருப்பார்கள். வேலை நடக்கும் இடத்துக்கு முன்னால் ஒரு ஆள் பலகை பிடித்து நிற்பார்.

அன்று வால்வண்டி பின்தங்கியிருந்தது. வெண்டலின் வண்டிக்கு ஒரு பெல்ட் மாற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டு, இவர்கள் தனியாக வந்துகொண்டிருந்தார்கள். ஓரெஸ்ட் நல்ல மனநிலையில் இருந்தார். பெல்ட்டை விரலாலேயே தடவி மாட்டியிருந்தார். காபி கேட்டார். வெர்னா குனிந்து பிளாஸ்க்கைத் திறந்தாள். மூடி இறுகியிருந்தது. அது கழன்ற நேரத்தில் வண்டி லேசாக உலுக்கியது. ஜன்னல் பக்கம் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ பறந்தது.

"கம்பத்தை ரோட்டுலயே நட்டு வச்சிருக்கான் பாரு," என்றார் ஓரெஸ்ட்.

வெர்னா பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். சாலையோரப் பள்ளத்திலிருந்து ஒரு பெண் கைகளை ஊன்றி எழுந்துகொண்டிருந்தாள். தலைக்கவசம் உருண்டு கிடந்தது.

"ஆமா," என்றாள். "கம்பந்தான்."

அதற்கு மேல் அவளுக்கு வார்த்தை வரவில்லை. பேசக்கூடாது என்று முடிவெடுத்ததல்ல. ஒரு கொடி போனது, ஒரு மேடு போனது. காபி அவள் மடியில் கொட்டி ஆறிக்கொண்டிருந்தது. வண்டி மேட்டில் ஏறித் தடாலென்று இறங்கியது. அலமாரியில் தட்டுகள் சரிந்தன.

"என்ன, பேச்சையே காணோம்?"

ஓரெஸ்ட் வேகத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். பிறகு பிரேக்கை முழுக்க மிதித்து, சாலை நடுவிலேயே வண்டியை நிறுத்திவிட்டார்.

"வெர்னா. நீ சொல்லாம நான் எப்படி ஓட்டுவேன்?"

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு வருஷமாக யாரிடமிருந்து எதை மறைத்தோம் என்று அவளுக்குப் புரியவில்லை.

"அது கம்பம் இல்ல," என்றாள்.

அவர் ஸ்டீயரிங்கை விடவில்லை. "அடிபட்டுதா?"

"எழுந்துட்டா."

"எழுந்துட்டால்ல. அப்ப சரி. நீ பேசாம இரு, நான் ஓரமா—"

பின்னால் ஹாரன் கேட்டது. சாலைப் பணியாளர்களின் சின்ன லாரி ஒன்று வந்து நின்றது. அந்தப் பெண் இறங்கி ஓரெஸ்டின் ஜன்னலுக்கு வந்தாள். முழங்கால்வரை சேறு, கன்னத்தில் சிராய்ப்பு, பலகை இன்னும் கையில்.

"யோவ் பெரியவரே, இம்மாம் பெரிய பலகை. நில்லுன்னு எழுதியிருக்கு. குதிக்கலேன்னா நான் உன் சக்கரத்துல ஒட்டிக்கிட்டு இருப்பேன்."

"தப்புதாம்மா. மன்னிச்சுக்க."

"அங்க யார்கிட்ட மன்னிப்புக் கேக்குற? என் மூஞ்சியப் பாத்துப் பேசு."

"பாத்துக்கிட்டுத்தாம்மா இருக்கேன்," என்றார் ஓரெஸ்ட், அவள் தோளுக்கு அப்பால் இருந்த மலையைப் பார்த்தபடி.

அந்தப் பெண் பலகையை இடப்பக்கம் நகர்த்தினாள். வலப்பக்கம் நகர்த்தினாள். பிறகு தாழ்த்திவிட்டாள். திட்டிக்கொண்டே இருந்திருக்கலாம் என்று வெர்னாவுக்குத் தோன்றியது.

"உனக்கு ஓட்டத் தெரியாதா?" என்று வெர்னாவைக் கேட்டாள்.

"தெரியும். எங்க நிலத்துல கோதுமை லாரி நாந்தான் ஓட்டுவேன்."

"அப்புறம் ஏன் இந்தாளை ஓட்ட விட்ட?"

வெர்னா யோசித்துப் பார்த்தாள். அவள் ஓட்டியிருந்தால் ஏன் என்று லைல் கேட்டிருப்பான். சொன்னால் வேலை போயிருக்கும். வேலை போனால் கோடையிலும் ஐரிஸின் ஒயர். ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. சேறு பூசிய முழங்காலுக்கு முன்னால் அதில் ஒன்றையும் சொல்ல முடியவில்லை.

ரேடியோவில் லைலின் குரல் வந்தது. "வால்வண்டி, எங்க இருக்கீங்க? எல்லாரும் ராத்திரி தங்குற பீவர் கிரீக் வந்தாச்சு."

ஓரெஸ்ட் ரகசியமாகச் சொல்வதுபோல் சொன்னார். "டயருன்னு சொல்லு. வெர்னா, டயருன்னு சொல்லிடு."

வெர்னா மைக்கை எடுத்தாள். அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நின்னுட்டோம் லைல்."

வெண்டலின் குரல் குறுக்கே விழுந்தது. "வால்வண்டிக்கே வால்வண்டி வேணுமா? என்ன ஆச்சு, அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?"

எங்கோ சிலர் சிரித்தார்கள்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு," என்றாள் வெர்னா. "ஓரெஸ்டுக்குக் கண்ணு தெரியல. ரெண்டு வருஷமா தெரியல. இனிமே நான் ஓட்டிக்கிட்டு வரேன்."

சிரிப்பு நின்றது. ஓரெஸ்ட் இறங்கி, வண்டியின் முன்பக்கத்தைக் கையால் தடவிக்கொண்டே சுற்றி வந்து வெர்னா விட்டு நகர்ந்த இருக்கையில் ஏறினார். அந்தப் பக்கம் சீட் பெல்ட் எங்கே தொங்குகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. தேடினார். வெர்னா காத்திருந்தாள்.

மீதித் தூரத்தில் வண்டி ஒருமுறைகூட உலுக்கவில்லை. ஓட்டுவது இவ்வளவு சுலபம் என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

பீவர் கிரீக்கில் எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். ஒருவரும் கேலி செய்யவில்லை. வெண்டல் ஓடிவந்து ஓரெஸ்டின் முழங்கையைப் பிடித்தான்.

"பாத்து இறங்குங்க. படி இருக்கு. இன்னொரு படி."

"அது என் வண்டி," என்றார் ஓரெஸ்ட். "படி நான் போட்டது."

வெண்டல் கையை எடுக்கவில்லை.

லைல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பேசினான். "உங்களை யாரும் விட்டுட்டுப் போகப்போறதில்ல, பெரியவரே. வாலுக்கு வேற ஆளைச் சொல்லிட்டேன். நீங்க நாளையிலேருந்து நடுவுல வாங்க. ஓய்வா, ஊரைப் பாத்துக்கிட்டு."

"எதை?" என்றார் ஓரெஸ்ட்.

லைல் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டான்.

அவர்கள் நடுவிலும் போகவில்லை. மறுநாள் காலையில் வரிசை எல்லையை நோக்கிக் கிளம்பியது. ஒவ்வொரு வண்டியும் போகும்போது மெல்ல ஹாரன் அடித்தது. புது வால்வண்டி கடைசியாக அடித்தது. தெற்கே திரும்ப வேண்டியதுதான். வெர்னா இரவே ஐரிஸுக்குப் போன் செய்துவிட்டாள். ஐரிஸ் வருத்தப்பட்டாள், நிஜமாகவே. பிறகு கோடையில் ஏசி போடுவீர்களா என்று கேட்டாள்.

வெர்னா தட்டுகளை அடுக்கிவிட்டு வெளியே வந்தபோது ஓரெஸ்ட் ஓடையில் நின்றிருந்தார். கூப்பிடாமல் போயிருந்தார். கொக்கி டப்பா கரையில் திறந்து கிடந்தது. இறகுக் கொக்கிகள் கல்லெங்கும் சிதறியிருந்தன. அவர் விரலில் இரண்டு மூன்று இடத்தில் ரத்தம். முடிச்சோடு நெடுநேரம் மல்லுக்கு நின்றிருக்க வேண்டும்.

கழியைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய், பழைய அழகோடு வீசினார். நூல் ஓசையில்லாமல் நீர்மேல் படிந்தது. ஓடையில் அதற்குச் சற்று மேல்புறம் ஒரு கிரேலிங் எழும்பி, நீரில் வட்டம் விட்டு மறைந்தது. சத்தம் கேட்டு அந்தப் பக்கமே மறுபடி வீசினார்.

நூல் நுனியில் கொக்கியே இல்லை. வெர்னா நின்ற இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. சொல்வதற்கு வாயைத் திறந்தாள். பிறகு கரையில் உட்கார்ந்து, கல்லிடுக்கிலிருந்த கொக்கிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போடத் தொடங்கினாள்.

"ஏதாவது எழும்புதா?" என்றார் ஓரெஸ்ட், திரும்பாமல்.

அவள் அடுத்த கொக்கியை எடுத்து டப்பாவில் போட்டாள். அவர் நூலை இழுத்து மறுபடி வீசினார்.