கழற்ற மாட்டேன்

பள்ளி வேன் ஓட்டுகிற அந்த அம்மாளைத் தெருவில் பெரியவர் சின்னவர் எல்லோருமே 'வேன் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. குரல் மட்டும் இறங்கவே இல்லை. ஹாரனை அதிகம் தொடமாட்டாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒரு அதட்டல் போட்டால் போதும், முன்னால் நிற்கிற லாரி தானாக ஒதுங்கும். பள்ளி வாசலில் காரைக் குறுக்கே நிறுத்திவிட்டுப் போனில் அரட்டை அடித்துக்கொண்டிருந்த ஓர் அப்பா, ஒரு முறை இவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதிலிருந்து அடுத்த தெருவிலேயே வண்டியை விட்டுவிட்டு நடந்து வருகிறார்.

சில வருஷங்களுக்கு முன்னால் அவளுக்குப் புற்றுநோய் வந்து, இடது மார்பை முழுசாக எடுத்துவிட்டார்கள். ஒரு பக்கம் கனம் இல்லாமல் போனதில் தோள் சாய்ந்துகொண்டது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். பிறகு டாக்டர் சொல்லி, உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ள ஒரு சிலிக்கோன் செயற்கை மார்பு வாங்கினாள். அதை வைத்த பிறகுதான் நிமிர்ந்து உட்கார முடிந்தது. அவளுக்கு ஏதோ ஆபரேஷன் என்று தெருவுக்குத் தெரியும். என்ன ஆபரேஷன் என்று கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை.

அவளுடைய அம்மா வேறு நாட்டில், தம்பி வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தாள். பள்ளிக்கு விடுமுறை விட்டதும் அக்கா கிளம்பிவிடுவாள். அம்மாவைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, தம்பி மனைவிக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கொடுத்துவிட்டு வருவாள். நேராகப் போகிற விமானம் கிடையாது. நடுவில் ஒரு ஊரில் இறங்கி மாற வேண்டும். கிளம்புகிற இடத்தில் ஒரு சோதனை, மாறுகிற இடத்தில் இன்னொன்று, சில நேரம் விமானத்தில் ஏறப்போகிற வாசலிலேயே மறுபடியும்.

கையைத் தூக்கிக்கொண்டு ஸ்கேனர் கூண்டுக்குள் நிற்பாள். திரையில் தெரிகிற பொம்மை உருவத்தின் இடது நெஞ்சில் மஞ்சள் கட்டம் விழும். ஒரு தடவைகூட விழாமல் இருந்ததில்லை.

"உள்ள என்ன வச்சிருக்கீங்க?"

"ஆபரேஷன் பண்ணியிருக்கும்மா."

ஒருத்தி தடவிப் பார்த்துவிட்டு அனுப்புவாள். ஒருத்தி தழும்பின் மேலேயே அழுத்துவாள். ஒருத்தி சட்டையைத் தூக்கச் சொல்வாள். போன ஊரில் பார்த்து அனுப்பியதை இந்த ஊரில் நம்பமாட்டார்கள். லாரியை ஒதுக்குகிற குரல் அங்கே மட்டும் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். எதிர்த்துப் பேசினால் விமானத்தை விட்டுவிடுவோமோ, பாஸ்போர்ட்டில் ஏதாவது முத்திரை குத்திவிடுவார்களோ என்ற பயம். "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து, கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தமில்லாமல் திட்டித் தீர்ப்பாள்.

போன வருஷம், மாறுகிற ஊரில், அது நடந்தது.

கையுறை போட்ட ஒரு பெண் காவலர் அவளைத் திரைச்சீலைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். அழுத்திப் பார்த்தாள். "இதை வெளிய எடுங்க. மெஷின்ல போட்டுப் பாக்கணும்" என்றாள்.

"ஏறின ஊர்லயே பாத்துட்டாங்கம்மா."

"அது அங்க. இது இங்க."

அக்கா திரும்பி நின்று, எடுத்துக் கொடுத்தாள். காவலர் பெண் அதை அப்படியே ஒரு பிளாஸ்டிக் ட்ரேயில் போட்டு, வெளியே கொண்டுபோய்ப் பெல்ட்டில் வைத்தாள். மேலே ஒரு துண்டுத் துணி இல்லை. திரைச்சீலை இடுக்கு வழியாக அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். யாருடைய லேப்டாப்புக்கோ பின்னால், யாருடைய செருப்புக்கோ முன்னால், அவள் உடம்பின் ஒரு பாகம் எல்லோர் கண்ணிலும் பட ஊர்ந்து போனது. அந்தப் பக்கம் தன் ஷூவைத் தேடிக்கொண்டிருந்த ஓர் ஆள் ட்ரேயை இழுத்து, உள்ளே பார்த்து, "ஐயோ, என்ன இது!" என்று கையை உதறினான். பக்கத்தில் யாரோ சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு கேட்டதும் அவளுக்குள் எதுவோ அறுந்தது. சால்வையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஏய்! அது என்னோடது!"

ஷூவைத் தேடிய ஆள் ட்ரேயை விட்டுவிட்டுப் பின்வாங்கினான்.

"சிரிச்சது யாரு? முன்னாடி வாங்க. எனக்குக் கேன்சர் வந்துச்சு. அறுத்து எடுத்தாங்க. அதுக்குப் பதிலா இதை வச்சிருக்கேன். இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சுல்ல? இன்னும் யாராவது பாக்கணுமா? வரிசையில வந்து பாத்துட்டுப் போங்க!"

மேலதிகாரி ஓடிவந்தார். "சத்தம் போடாதீங்கம்மா. இதெல்லாம் விதிமுறை."

"என் உடம்பைச் சந்தையில வைக்கறதுதான் உங்க விதிமுறையா? கொண்டுபோனவங்களே அதைத் துணி போட்டு மூடி எடுத்துட்டு வந்து என் கையில தரணும். கதவு இருக்கிற ரூம் வேணும். அதுவரைக்கும் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்."

"உங்க விமானம் கிளம்பிடும்."

"கிளம்பட்டும்!"

இத்தனை வருஷமாக எதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தாளோ, அதைத் தானே சொல்லிவிட்டாள். சொன்னதும் பயம் போய்விட்டது. கோபம் மட்டும் மிச்சம் இருந்தது.

கதவுள்ள ஓர் அறையைத் திறந்துவிட்டார்கள். காவலர் பெண் ட்ரேயை மூடி எடுத்து வந்தாள். "மன்னிச்சிருங்க. எனக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. அக்கா இளகவில்லை. "சொல்லிக் கொடுத்தவங்களக் கூட்டிட்டு வா. அவங்களையும் கேக்கறேன்." மேலதிகாரி வாக்கிடாக்கியைப் பார்த்துக்கொண்டே வருத்தம் தெரிவித்தார். விமானம் போய்விட்டது. அடுத்த விமானத்துக்காக இரும்பு நாற்காலியில் கிடந்து, மறுநாள்தான் தம்பி வீடு போய்ச் சேர்ந்தாள்.

தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இவ்வளவு ரகளை எதுக்குக்கா? பிளேன்ல வரும்போது மட்டும் அதைக் கழட்டிப் பெட்டியில போட்டுட்டு வந்துட வேண்டியதுதானே?" என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். காவலர்கள் மேல் வந்ததைவிட அவளுக்கு அப்போது வந்த கோபம்தான் பெரிது.

"நீ ஏர்போர்ட்டுக்குப் போறப்ப உன் பல்செட்டைக் கழட்டிப் பெட்டியில போட்டுட்டுப் பொக்கை வாயோட போவியாடா?"

சமையலறையிலிருந்து அவன் மனைவி, "நல்லாக் கேளுங்க அண்ணி!" என்றாள்.

திரும்பி வந்ததும் விமான நிலையத்துக்குப் புகார் எழுதினாள். 'தங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் கடமை' என்று பதில் வந்தது. அவள் கேட்டதற்கு அதில் ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த விடுமுறையில் மறுபடியும் அதே ஊர், அதே ஸ்கேனர். மஞ்சள் கட்டம் விழுவதற்கு முன்னாலேயே அவள் உரக்கச் சொன்னாள்: "இடது பக்கம் சிலிக்கோன் இருக்கு. கேன்சர் ஆபரேஷன். கழட்ட மாட்டேன். தனி ரூம் வேணும், ரெண்டு பொம்பளைங்க வரணும்."

வேறு ஒரு காவலர் பெண் தலையசைத்தாள். இன்னொருத்தியையும் சேர்த்துக்கொண்டு கதவுள்ள அறைக்குக் கூட்டிப்போனாள். எதையும் கழற்றச் சொல்லவில்லை. துணிக்கு மேலே ஒரு சின்னப் பட்டையால் துடைத்து, வெடிமருந்துத் துகள் இருக்கிறதா என்று அதை ஒரு கருவிக்குள் நுழைத்துப் பார்த்து, "முடிஞ்சுதும்மா, நீங்க போகலாம்" என்றாள். மொத்தமே ஒரு டீ குடிக்கிற நேரம்தான்.

வெளியே வந்து உட்கார்ந்தபோது கணவர் போனில் வந்தார். "இந்தத் தடவை எப்படி?"

"நல்லபடியாத்தான் பண்ணாங்க. கையால தொடக்கூட இல்ல."

"அப்புறம் ஏன் இப்படிக் கத்தற?"

"இது இவ்வளவு சுலபம்னா, இத்தனை வருஷம் என்னை ஏன்யா அந்தப் பாடு படுத்தினாங்க?"

விமானத்தில் ஏறச் சொல்லி அறிவிப்பு வந்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றாள்.