லென்ஸ் பார்க்க விரித்த புடவை

அறுபதுகளின் கடைசியில், பெரிய காஞ்சிபுரத்தில் எனக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. முன்னறையில் தொழில், பின்னறையில் நான். என் மனைவி காய்ச்சலில் போன பிறகு, பின்னறையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய். பகலெல்லாம் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் அந்த முகங்களோடு நான் பேசியது, "மோவாயைக் கொஞ்சம் தூக்குங்க" என்பதோடு சரி.

அப்போதுதான் ஐயம்பேட்டையிலிருந்து குமாஸ்தா ஒருவர் சைக்கிளில் வர ஆரம்பித்தார். ஆபீஸ் விட்டதும் நேரே என் கடை. அவருக்குக் கேமரா வாங்க வேண்டும். திருப்பருத்திக்குன்றத்துக் கோயிலில் மேற்கூரை முழுக்க ஓவியம். அதை மூலை விடாமல் படம் பிடிக்கவேண்டும் என்று ஆசை. "எது வாங்கலாம், நீங்களே சொல்லுங்கண்ணா" என்றார்.

அந்தக் காலத்தில் கடையில் போய்க் கேட்டு வாங்குகிற பொருளா அது? வெளிநாட்டிலிருந்து வந்தவர் யாராவது விற்பார். மதராசில் தெரிந்தவர்களிடம் சொல்லிவைத்து, ஒரு கேமராவை இரண்டு நாள் பார்வைக்கு வாங்கி வருவார் குமாஸ்தா. பார்த்துச் சொல்வது என் வேலை. கூட வரும் இங்கிலீஷ் புத்தகத்தை அவர் படித்து அர்த்தம் சொல்வார். எட்டாவதோடு நின்றவன் நான். கேட்டுக்கொள்வேன்.

லென்ஸைச் சோதிக்க எனக்கு ஒரு வழி இருந்தது. இந்த ஊரில் தொழில் செய்கிறவனுக்கு வேறு எது தோன்றும்? கட்டம் போட்ட பட்டுப்புடவை. சந்தன நிறத்தில் அரக்குக் கட்டம். அதைச் சுவரில் நீளவாக்கில் விரித்து ஆணியில் மாட்டி, லென்ஸின் கண்ணை முழுக்கத் திறந்து ஒரு படம். நெகட்டிவில் கட்டத்தின் கோடு மூலையில் வளைந்தால் லென்ஸ் சரியில்லை. நடுவில் பளிச்சென்றும் ஓரத்தில் கலங்கலாகவும் இருந்தால், அதுவும் கூடாது. தறியில் போட்ட கட்டம் பொய் சொல்லாது.

"யார் புடவைண்ணா இது?" என்று முதல் நாள் கேட்டார்.

"வூட்டுலது" என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு நாலைந்து தடவைதான் என் மனைவி அதை உடுத்தியிருப்பாள்.

படம் எடுத்ததும் புடவையை மடிப்போம். பட்டுப்புடவையை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது, தரையில் புரளும். அவர் இரண்டு முனையைப் பிடிப்பார், நான் இரண்டு முனையைப் பிடிப்பேன். இழுத்து நீவி, நடந்து வந்து அவர் கையில் என் முனையைக் கொடுப்பேன். அந்த நேரத்தில்தான் அவர் நிறையப் பேசுவார்.

முதலில் வந்த மடிப்புக் கேமராவில், விசிறிபோல் மடியும் தோல் துருத்தியில் ஊசிமுனை ஓட்டைகள். இருட்டறையில் உள்ளே பல்பை வைத்ததும் நட்சத்திரங்கள் போலத் தெரிந்தன. அடுத்ததில் லென்ஸுக்குள் பூசணம். இன்னொன்றில் எல்லாம் சரி. மூலையில் மட்டும் கட்டம் வளைந்தது.

"இன்னாண்ணா, இதுவும் வேணாமா? பொண்ணு பாக்கப் போனாக்கூட இத்தினி சோதன கெடையாதே!"

"நாளைக்கு ரிப்பேரானா யார் சார் பாப்பாங்க? ஸ்குரு ஒண்ணு கீழ வுழுந்தாலும் மதராசுக்குத்தான் ஓடணும்."

"அப்ப ஒங்க கேமரா மட்டும் யோக்கியமா?"

என்னுடைய பழைய மரக் கேமராவைக் காட்டிச் சிரித்தார். அதுவும் மூலையில் வளைக்கும்தான். இடது பக்கம் மேலே. அது எனக்குத் தெரியும் என்பதால் குரூப் போட்டோவில் அங்கே யாரையும் நிறுத்தமாட்டேன், பூந்தொட்டி வைப்பேன். இதைச் சொன்னதும் அவர், "தொழில்காரங்களுக்குக் கொறை தெரிஞ்சாப் போதும். எனக்குக் கொறையே இல்லாதது வோணும்ண்ணா" என்றார்.

எனக்குள் வேறொரு கவலை அரித்துக்கொண்டிருந்தது. குறையே இல்லாத ஒன்று கிடைத்துவிட்டால் இவர் எதற்கு இங்கே வரப்போகிறார்? சாயங்காலம் சைக்கிள் மணி கேட்காத நாளில், மழையோ, காய்ச்சலோ, லாரியில் அடிபட்டாரோ என்று கதவுக்கும் நாற்காலிக்கும் நடப்பேன்.

ஒரு மார்கழியில் கையடக்கமான கேமரா ஒன்றைக் கொண்டுவந்தார். புடவையை மாட்டினேன். எடுத்தேன். இருட்டறையில் கழுவி ஈரத்தோடு விளக்கில் பிடித்தேன். பூதக்கண்ணாடி வைத்து நாலு மூலையும் பார்த்தேன். கட்டம் கட்டமாகவே இருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். ஒரு கோடாவது வளையாதா என்று தேடினேன் என்றுதான் சொல்லவேண்டும். இல்லை.

வெளியே அவர் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். "என்னண்ணா, பேசமாட்டேன்றீங்க? போச்சா?"

பூசணம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். ஆனால் அந்த மேற்கூரையைப் பற்றி அவர் பேசும்போது கழுத்தை அண்ணாந்து பேசுவார், ஸ்டூடியோவின் ஓட்டில் அந்த ஓவியம் இருப்பது போல.

"நல்லா இருக்குது சார். இதையே வாங்கிக்குங்க."

எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நாளு தொல்ல குடுத்துட்டேன். இனிமே ஒங்கள சிரமப்படுத்தமாட்டேண்ணா!"

அன்றைக்கும் புடவையை மடித்தோம். அவர் அவசரத்தில் வேகமாக இழுத்தார்.

பிறகு ஒரு தடவை வந்தார். ஓவியத்தின் படங்களைக் காட்டினார். மூலை வரை ஒவ்வொரு விரலும் தெளிவு. சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் காலூன்றி நின்றபடியே காட்டிவிட்டுப் போனார். அவர்மேல் குற்றமில்லை. கேமரா வாங்கியவர் படம் எடுக்கத்தானே போவார்?

அடுத்த ஆடியில் எனக்குத் திடீரென்று ஒரு பயம். பட்டு ஒரே மடிப்பில் நாள்பட இருந்தால் மடிப்பில் இற்றுப்போகும். பெட்டியைத் திறந்து புடவையை எடுத்தேன். சோதிக்கக் கேமரா ஒன்றும் இல்லாவிட்டாலும் அதே ஆணியில் மாட்டினேன். காற்றாட விட்டேன். பொழுது சாய்ந்ததும் மடிக்கவேண்டுமே?

கேமரா ஸ்டாண்டை இழுத்து வந்து அதன் தலையில் ஒரு பக்கத்து முனைகளைக் கட்டினேன். மறுபக்கத்தை இரு கையிலும் பிடித்துக்கொண்டு, மெதுவாக, அது சாய்ந்துவிடாத அளவுக்கு மட்டும் இழுத்து நீவினேன். பிறகு ஸ்டாண்டை நோக்கி நடந்தேன்.