அண்ணன் பூசிய திருநீறு

இதை எழுத வேண்டும் என்று கொப்பியை எடுப்பதும், பிறகு மூடி வைப்பதுமாக வருடங்கள் போய்விட்டன. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். எழுதத் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது வெறும் சாட்டு. உண்மையான காரணம் பயம். ஊரில் யாராவது வாசித்தால் என் பிள்ளைக்கு என்ன நடக்குமோ என்ற பயம். அது இன்னும் போகவில்லை. ஆனால் அந்தத் திருவிழாவில் நடந்ததை இப்போது ஆளுக்கொரு விதமாகக் கதைக்கிறார்கள். நின்று பார்த்தவள் நான். அதனால் பிள்ளையாரை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என் மூத்த பிள்ளையைப் பெண் பிள்ளை என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் என் கையில் தந்தார்கள். பெண் பேர்தான் வைத்தோம். ஆனால் விவரம் தெரிந்த நாள் முதல் தான் ஆண் என்றே அவன் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு விளங்க நிறையக் காலம் எடுத்தது. விளங்கிய பிறகு அவன் என்றுதான் சொல்கிறேன், இங்கேயும் அப்படித்தான் எழுதுகிறேன்.

அவன் கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகு ஊரில் யாராவது விசாரித்தால், "பிள்ளை சுகமா இரிக்கி, பிள்ளை வேலைக்குப் போகுது" என்று சொல்லிவிடுவேன். பிள்ளை என்றால் மகனாகவும் இருக்கலாம், மகளாகவும் இருக்கலாம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டிருந்தேன்.

நம் நாட்டில் இதற்கு ஒரு வழி இருக்கிறது என்று அவன்தான் சொன்னான். அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநல டொக்டரிடம் பல தடவை போக வேண்டும். அவர் கதைத்துப் பார்த்து ஒரு சான்றிதழ் கொடுப்பார். அதைக் காட்டிப் பிறப்புச் சான்றிதழில் பெண் என்பதை ஆண் என்று மாற்றலாம், அதன் பிறகு அடையாள அட்டையையும் மாற்றலாம். மனநல டொக்டர் என்றதும், பைத்தியம் என்று எழுதிப்போட்டால் அதோடு எல்லாம் முடிந்ததே என்று அழுதேன்.

"பைத்தியமெண்டா மருந்து தருவாங்க அம்மா. எனக்குத் தாறது கடுதாசி" என்று சிரித்தான்.

அவனுக்குச் சிரிப்பு. எனக்கு அடையாள அட்டை என்றாலே பயம். சண்டைக் காலத்தில் சந்திக்குச் சந்தி ஆமிக்காரர் மறித்துப் பார்ப்பார்கள். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. அட்டையும் ஆளும் ஒத்துவராவிட்டால் ஒரு பக்கமாக நிற்கச் சொல்வார்கள். அப்படி ஒரு பக்கமாக நின்றவர்களில் வீடு திரும்பாதவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். என் பிள்ளையோ ஊசி போட்டு மீசை அரும்பிய முகத்தோடும், பெண் என்று போட்ட அட்டையோடும் பஸ்ஸில் வந்து போனான். அட்டையின் நம்பரே காட்டிக்கொடுத்துவிடும், பெண்களுக்கு வருகிற இலக்கம் வேறு. ஆஸ்பத்திரிக்கும், பதிவு பார்க்கிற கச்சேரிக் கந்தோருக்கும் என்று மட்டக்களப்பு டவுனுக்கு வருவானே தவிர ஊருக்குள் வரமாட்டான். நான் பஸ் ஸ்ராண்டில் போய்ப் பார்த்து, சோற்றுப் பார்சலைக் கையில் கொடுத்துவிட்டு வருவேன். திரும்பிப் போகும்போது ஆமி மறிக்கிற மன்னம்பிட்டியைத் தாண்டிவிட்டேன் என்று அவன் போன் எடுக்கும் வரைக்கும் சாமிப்படத்துக்கு முன்னால் இருந்து எழும்பமாட்டேன்.

புது அட்டை கிடைத்த வருடம் அவன் ஊருக்கே வந்தான். எங்கள் குடித் திருவிழா நேரம் பார்த்து வந்தான். குடி என்பது எங்கள் பக்கம் தாய் வழியில் வருகிற வம்சம். என் குடி எதுவோ அதுதான் என் பிள்ளைகளின் குடியும். பிள்ளையார் கோயில் திருவிழாவில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு நாள் உண்டு. அந்த நாளில் அந்தக் குடி ஆண்கள்தான் சாமியைத் தோளில் காவுவார்கள். சின்ன வயதில் இவன் சாமியைத் தாங்குகிற காவுதடிக்குக் கீழே போய் நிற்பான். "பொம்புளப்புள்ள, அங்கால போகா" என்று கலைத்துவிடுவார்கள்.

வந்து சாப்பிட்டு முடிப்பதற்குள் சொன்னான். "அம்மா, இந்த முற நான் சாமி காவப் போறன்."

"சேட்டுக் கழட்ட வேணுமே மனே."

"கழட்டுவன்."

ஒப்பரேஷன் செய்து மார்பை எடுத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மார்பின் அடியில் இரண்டு பக்கமும் நீளமாகத் தழும்பு, சிவப்பு இன்னும் மாறவில்லை. அதைப் பார்த்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெரியாமலும் இல்லை, தேத்தண்ணிக் கடையில் கதை நடந்துகொண்டுதான் இருந்தது. "அது காவுதடியில் கை வைத்தால் இழுத்து வெளியே போடுவோம்" என்று அங்கே பெடியன்கள் சொன்னதைப் பக்கத்து வீட்டுக்காரி வந்து என் காதில் போட்டுவிட்டுப் போனாள்.

அதைவிடப் பெரிய பயம் என் அண்ணன். அந்த வருடம் எங்கள் குடிக்கு அவர்தான் வண்ணக்கர், கோயில் காரியம் பார்க்கிற பொறுப்பு. எங்களில் தாய்மாமன் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன்னர் இவனுடைய புதுப் படத்தை போனில் காட்டியபோது, பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர்தான். அதன் பிறகு என் வீட்டு வேலிப் படலையைத் திறந்து உள்ளே வரவில்லை.

அன்றைக்கு நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "பிள்ளையாரே, தலை மாறின பிள்ளை நீ. தலை மாறினாலும் உன் தாய் உன்னைத் தள்ளவில்லை. உன் வாசலில் என் பிள்ளையை ஆரும் தொடாமல் பார்த்துக்கொள்" என்று இதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். தெய்வத்தோடு இப்படி வாதாடுவது சரியோ பிழையோ, எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பின்னேரம் சாமி வெளியே வருகிற நேரம். நான் பெண்களோடு நின்றேன். இவன் ஏறாவூரில் வாங்கிய புது வேட்டியோடு, மேலில் ஒன்றும் இல்லாமல் வந்து, காவுகிறவர்களுக்கு அருகில் நின்றான். கதைத்துக்கொண்டிருந்த ஆண்கள் கதையை விட்டார்கள். வேறு குடியைச் சேர்ந்த ஒரு பெரியவர் அண்ணனைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்.

"வண்ணக்கர், குடி ஆம்புளயள்தானே காவுற. இது ஆம்புளையோ?"

பின்னால் யாரோ சிரித்தான். "கேட்டுப் பாருங்க, கடுதாசி இரிக்காமே!"

இவனுடைய கை மடிக்குப் போனது. வேட்டி மடிப்பில் அட்டையை வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். அதை எடுக்கப் போகிறான் என்று எனக்குத் தெரிந்தது. மறுபடியும் மறித்துப் பார்க்கிற இடம், அதில் என் பிள்ளை அட்டையோடு நிற்கிறான் என்று பட்டது.

அண்ணன் கிட்ட வந்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"மடியில வை" என்றார். பிறகு அந்தப் பெரியவர் பக்கம் திரும்பினார். "அட்ட பாக்கிறதுக்கு இதென்ன செக்பொயின்றா? என்ட தங்கச்சிட புள்ள, எங்கட குடி. நேரம் போகுது, சாமியத் தூக்குங்க."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு வேறு. அண்ணன் தட்டிலிருந்து கை நிறையத் திருநீறை அள்ளி இவன் மார்பில் அப்பினார். குறியாகக் கூடப் போடவில்லை. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை தழும்பு தெரியாமல் பூசிவிட்டு, "நடுத்தடியில நில்லு" என்றார். மறைக்கப் பூசினாரா, ஆசீர்வாதமாகப் பூசினாரா என்று நான் இன்றைக்கும் அவரிடம் கேட்கவில்லை. கேட்கவும் பயம்.

சாமி வாவிக்கரை வீதியால் போனது. காற்று இல்லை, நல்ல புழுக்கம். நான் தேவாரம் பாடுகிற பெண்களோடு போனேன். கண் இவன் மார்பிலேயே இருந்தது. வேர்வையில் திருநீறு கோடு கோடாய் இறங்கத் தொடங்கிற்று. தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் அந்தப் பெடியன்கள் நின்றார்கள். பிள்ளையாரே, கடை தாண்டும்வரைக்குமாவது என்று கும்பிட்டேன். ஒருவன் விசிலடித்தான். அண்ணன் சாமிக்கு முன்னால் போனவர், நடையைக் குறைத்து இவனுக்குப் பக்கத்தில் வந்தார். அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை.

கடை தாண்டித் திரும்பியபோது திருநீறு முழுதும் கரைந்துவிட்டது. தழும்பு பளிச்சென்று தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி என் தோளில் இடித்தாள்.

"என்னகா, மகனுக்கு ஒப்பரேஷன் செஞ்சதா?"

மகன் என்றாள். அதுவரை எங்கள் ஊரில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. நக்கலா, உண்மையா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

"ஓம், மகனுக்குத்தான்" என்றேன். எனக்கே என் குரல் வேறு ஆளுடைய குரல் போலக் கேட்டது.

அடுத்த நாள் அவன் கொழும்புக்குப் போனான். வழியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கியிருக்கிறார்கள். போனில் சொன்னான், "அட்டையப் பாத்தாங்க அம்மா. 'ஹரி மல்லி, யண்ட' எண்டாங்க." சரி தம்பி, போ என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறார்கள். நான் ஆயுள் முழுவதும் பயந்த ஆட்கள் இவனைத் தம்பி என்றார்கள். அந்த அட்டை மடியில் இல்லாவிட்டால் அவன் ஊர்ப்பக்கமே வந்திருக்கமாட்டான் என்றும் அப்போதுதான் விளங்கியது.

பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். அடுத்த வருடம் அண்ணன் வண்ணக்கராக இருக்கவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சித்தாண்டியில் இருக்கிற சொந்தக்காரர் எங்கள் வீட்டில் கை நனைப்பதில்லை. ஆனால் அண்ணன் இப்போது படலையைத் திறந்து வருகிறார். "மருமகன் போன் எடுத்தவனா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

இதை வாசித்தவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள், ஆனால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். அண்ணன் ஊரோடு சண்டை பிடித்தார் என்றோ, சாமி உருவேறி ஆடினவர் வாக்குச் சொன்னார் என்றோ கூட்டவேண்டாம், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. முக்கியமாக, நான் அவன் என்று எழுதிய இடத்தில் அவள் என்று மாற்றிவிடாதீர்கள். ஓர் எழுத்துத்தான். அந்த ஓர் எழுத்து பிழைத்தால், மறிக்கிற இடத்தில் என் மகன் மறுபடியும் ஒரு பக்கமாக நிற்க வேண்டிவரும்.